படப்பையிலிருந்து ஓர் ஐரோப்பிய நகருக்கு

உரோமாபுரியை ஒருமுறையேனும் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பது என் அன்னையாரின் நெடுநாளைய அவா. அதற்கெனச் சீட்டுக் கட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம், கண் அறுவைக்கும் மூட்டு வைத்தியத்திற்குமாகக் கரைந்து போயிற்று. வயதோ எழுபத்தெட்டு. “இனி எங்கே போகப் போகிறேன்!” என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருக்கும். இலட்சங்களைச் செலவிட்டு ஐரோப்பா செல்ல நம் போன்ற குடும்பங்களால் இயலுமோ?

ஒருநாள் மறைக்கல்வி வகுப்பிற்காகப் புனித தோமையாரின் வரலாற்றைப் புரட்டிக் கொண்டிருந்தபோது ஓர் எண்ணம் பளிச்சிட்டது. ஐரோப்பியர் மதிலெழுப்பி வாழ்ந்த பழம்பெரும் நகரமொன்று நம் வீட்டிலிருந்து அரைநாள் பயணத்தில் இருக்கிறதே! போர்த்துக்கீசியர் ‘சான் தோமே’ என அழைத்த மயிலை நகரமே அது. இன்று சாந்தோம் என்று நாம் சொல்வதும் அவர்கள் இட்ட பெயரின் திரிபே. ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை எழுப்புவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே, திருத்தூதரின் கல்லறையை அடுத்து அவர்கள் குடியேறிவிட்டனர்.

புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக் கொண்டு அதிகாலையில் படப்பையில் பேருந்தேறினோம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்த பிள்ளைகள் இருக்கைகளில் தலைசாய்த்து உறங்கிக் கொண்டிருந்தனர். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என 2021-இல் ஏற்பட்ட ஏற்பாட்டினால் அன்னையாருக்குச் செலவில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார இரயிலில் பரங்கிமலையை அடைந்தோம்.

‘பரங்கி’ என்பது ஐரோப்பியரை நம் முன்னோர் அழைத்த சொல். மலையின் பெயரிலேயே அவர்கள் வந்த வரலாறு பதிந்திருக்கிறது. சுமார் 300 அடி உயரமுள்ள இக்குன்றின் உச்சியில் புனித தோமையார் கி.பி. 72-இல் உயிர்த்தியாகம் செய்தார் என்பது மரபு. மேலே செல்ல வண்டிப் பாதையும் உண்டு. ஆயினும் அன்னையார் படிகளையே தேர்ந்தார். வழியெங்கும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் அமர்ந்து செபித்து, என் தோளைப் பற்றி எழுந்து, மீண்டும் ஏறினார். மூட்டு வலிக்கு இளைப்பாறலும் ஆயிற்று. ஆன்மாவிற்குத் தியானமும் ஆயிற்று. இப்படிகளை அமைக்கப் பொருளுதவியவர் பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டித் தந்தவரும் அவரே. வந்த நாட்டில் ஈட்டியதை அந்நாட்டு மக்களின் கால்களுக்கே காணிக்கையாக்கிய பெருந்தகை!

உச்சியிலுள்ள ஆலயம் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. 1547-இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் பதிக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றிப் பழம் பாரசீகமான பஹ்லவி மொழியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போர்த்துக்கீசியர் வருமுன்னரே இம்மண்ணில் சிலுவையை வணங்கியோர் இருந்தனர் என்பதற்கு அக்கல்லே சான்று. வெளியே வந்து கீழே நோக்கினோம். மீனம்பாக்கத்திலிருந்து விமானமொன்று மேலெழும்பிற்று. “இதுதான் உரோமைக்குப் போகிறதோ?” என்றார் அன்னையார். நான் மறுமொழி கூறவில்லை.

சைதாப்பேட்டை வரை இரயில். அங்கிருந்து மயிலைக்குப் பேருந்து. 1551-இல் எழுந்த சின்னமலைக் கோவிலை மற்றொரு நாளைக்கென விட்டுவிட்டு இலஸ் ஆலயத்தை அடைந்தோம். ‘லுஸ்’ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ஒளி. கடலில் திசை தப்பிய மாலுமிகள் ஓர் ஒளியைப் பின்பற்றிக் கரையேறினர் என்றும், அது மறைந்த இடத்தில் பிரகாச மாதாவுக்குக் கோவில் எழுப்பினர் என்றும் மரபு கூறும். 1516 என்னும் ஆண்டு பொறித்த கல்வெட்டு இங்கே உண்டு. சுற்றிலும் முன்னாளில் காடாயிருந்தமையால் மக்கள் இதைக் ‘காட்டுக் கோவில்’ என்றனர். இன்றோ வெளியே வாகன இரைச்சல். உள்ளே காட்டின் அமைதி.

கடற்காற்றில் கட்டுச்சோற்றை உண்டபின் சாந்தோம் பேராலயத்தில் நுழைந்தோம். 155 அடி உயரக் கோபுரம் வெண்மையாய் வானளாவி நிற்கிறது. போர்த்துக்கீசியரின் பழைய ஆலயத்தை அகற்றிவிட்டு, ஐரோப்பியக் கோதிக் பாணியில் 1893-இல் தொடங்கி 1896-இல் நிறைவு செய்த ஆலயம் இது. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். இவ்வாலயத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 பெப்ருவரியில் வந்து செபித்தார்.

மதில் சூழ்ந்த அந்நகரம் எங்கே? 1662-இல் கோல்கொண்டாப் படை அதைக் கைப்பற்றியது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். இரண்டே ஆண்டுகளில் இழந்தனர். 1749-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மதில்கள் இடிந்தன, பீரங்கிகள் மறைந்தன, கொடிகள் மாறின. ஆனால் கல்லறை மட்டும் இருக்கிறது. போர்த்துக்கீசியருக்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே இங்குள்ள கல்லறையைப் பற்றி எழுதிய வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இங்கே திருப்பயணமாக வந்ததையும், இம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சலுக்கு மருந்தாக்கியதையும் குறித்திருக்கிறார். வாளால் வந்தவை வாளால் போயின. செபத்தால் நின்றது இன்றும் நிற்கிறது.

நிலவறையிலுள்ள கல்லறைச் சிற்றாலயத்தில் இறங்கினோம். அன்னையார் முழந்தாட்படியிட முயன்று, இயலாமல் அமர்ந்து செபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணிகளும் முடிந்தபின்னும் எழவில்லை. நெடுநேரம் கழித்து என்னை நோக்கி, “ஏனப்பா, இவரும் கையில் காசில்லாமல், பையில்லாமல்தானே இத்தனை தூரம் வந்தார்?” என்று மெல்லக் கேட்டார். பையும் பணமும் எடுத்துச் செல்ல வேண்டாமென ஆண்டவர் தம் சீடரை அனுப்பிய நற்செய்திப் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன், பிறருக்குப் போதித்துமிருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் அறிந்தேன். அன்னையாரின் ஆசையை நிறைவேற்ற இயலாத ஏழை மகன் என்று இத்தனை நாள் என்னையே நொந்து கொண்டிருந்தேனே! உலகின் கோடியிலிருந்து ஏழையாகவே வந்தவரின் காலடியிலல்லவா நாங்கள் அமர்ந்திருந்தோம்!

வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தபோது இருவருக்கும் ஆன செலவு 200 ரூபாயைத் தாண்டவில்லை; ஏற்றிய மெழுகுவர்த்தியும் அதில் அடக்கம்.

அன்புள்ள குடும்பத்தாரே, ஆலைப் பணியால் ஞாயிறன்றும் ஒன்றுகூட இயலாத இல்லங்கள் நம் பகுதியில் பல உண்டு. ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில் முதியோரையும் சிறுவரையும் அழைத்துக் கொண்டு இவ்வழியே சென்று வாருங்கள். வெயில் ஏறுமுன் மலையில் ஏறுங்கள். உணவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். முக்கியமாக, முதியோரின் நடைக்கேற்ப நடங்கள். உரோமை காணும் பேறு என் அன்னையாருக்கு வாய்க்குமோ, ஆண்டவர் ஒருவரே அறிவார். எனினும் “இனி எங்கே போகப் போகிறேன்” என்று அவர் இப்போது சொல்வதில்லை. “சின்னமலைக்கு எப்போது?” என்றே கேட்கிறார்.