ராஜகுமாரன் இல்லாத கதை

அருப்புக்கோட்டையில் புடவை வாங்குவது சுலபம். தறி ஓடுகிற ஊர். குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்குவதுதான் சிரமம். கடைக்காரர் வினா-விடைப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டி நீட்டுவார். அட்டையில் ராஜகுமாரன் ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்திருப்பான். அவனை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். அவன்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் கரிசல் காட்டில் அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூட வழி கிடையாது.

எங்கள் தெருவில் விசைத்தறி வேலைக்குப் போகிறவர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. என்னிடமிருந்த கதைகளையெல்லாம் படித்து முடித்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"கதையில வர்ற நொண்டிப் பிள்ளைகளுக்கெல்லாம் கடைசியில கால் சரியாப் போயிருதே, தாத்தா. சரியாப் போகாத பிள்ளைக்குக் கதை கிடையாதா?"

யோசித்துப் பார்த்தேன். நம் கதைகளில் உடல் குறையுள்ளவர்கள் ஒன்று, கூனியைப் போலக் குடியைக் கெடுக்க வருகிறார்கள்; இல்லாவிட்டால் முனிவர் கை பட்டுக் குணமாகிறார்கள். குணமாகாமலே சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மதுரைப் புத்தகக் காட்சியில் ஒன்று அகப்பட்டது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிற 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி.' டெட்சுகோ குரோயாநாகி என்ற அம்மாள் தம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் ஜப்பானில் வெளியிட்ட புத்தகம். இளம்பிள்ளை வாதம் வந்த தோழனைச் சிறுமி டோட்டோ ஏணி வைத்து, தள்ளி, இழுத்து மரத்தில் ஏற்றிவிடுகிறாள். அவன் கால் சரியாவதில்லை. மரம் ஏறுகிறான், அவ்வளவுதான். ஆனால் பின்னால் ஓர் அத்தியாயத்தில் அந்தப் பையன் இறந்துபோகிறான். பஸ் காரியாபட்டி தாண்டியும் எனக்கு இதே யோசனை: கொடுக்கலாமா, கூடாதா? "அந்த இடத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்களேன்" என்றாள் என் மனைவி, பாதி வேடிக்கையாக. நான் முழுசாகவே கொடுத்தேன்.

நாலாம் நாள் வந்தாள். அந்தச் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஜப்பான் பிள்ளைக்கு இருக்கு. நம்ம ஊருப் பிள்ளைக்கு?" என்றாள்.

நம் ஊர்ப் பக்கம் இல்லாமலில்லை. கி. ராஜநாராயணன் வாய்மொழியாகத் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் குழந்தைகளிடம் கொடுத்துவிட முடியாது, பொறுக்கத்தான் வேண்டும்! மல்லாங்கிணற்றுக்காரர் எஸ். ராமகிருஷ்ணனின் 'கிறுகிறுவானம்' இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வத்திராயிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த பாமா 1992-ல் வெளியிட்ட 'கருக்கு.' ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு ஒரு சிறுமி சிரிக்கிறாள். ஏன் அப்படி என்று அண்ணன் சொன்ன பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை.

குழந்தைகளிடம் ஜாதிப் பேச்சு எதற்கு என்று ஒரு நண்பர் கோபித்தார். தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் ஜாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவதை அவர் பார்த்ததில்லை போலும். விஷ்ணுபுரம் சரவணன் அந்தக் கயிற்றை வைத்தே 'கயிறு' என்று சிறுவர் கதை எழுதியிருக்கிறார். நண்பருக்கு அதைத்தான் முதலில் கொடுத்தேன்.

அரசாங்கம் 2023-ல் பள்ளிகளில் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்களையும் அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். 'நுழை, நட, ஓடு, பற' என்று அவற்றுக்குப் படிகள். "நடையும் ஓட்டமும் நமக்கு லாயக்கில்ல தாத்தா, நேரா 'பற'தான்" என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று நான் விழிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள்.

டோட்டோ சான் இன்னும் என் அலமாரிக்குத் திரும்பவில்லை. எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் இருக்கிறதாம். அவளுக்கு அடுத்து மூன்று பேர் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.