சங்கிலி சொன்ன பாடம்

‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று தமிழ் பயிலும் மாணவர் மல்லாங்கிணற்றை அறிவர். எமக்கும் அதுவே சொந்த ஊர். கரிசலும் சீமைக்கருவேலும் சூழ்ந்த அந்த வானம் பார்த்த பூமியில், மரத்தடிப் பட்டறை ஒன்றில், எந்நூலிலும் யாம் கல்லாத பாடம் ஒன்றைக் கற்றோம். அதனை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எம் தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1987-ஆம் ஆண்டு அவர் வாங்கிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டி இன்றும் எம் வீட்டில் உள்ளது. பதிவு செய்து ஐம்பது ஆண்டு கடந்தால்தான் ஒரு வண்டி பழம்பெரும் வண்டியாகும் என்பது 2021-ஆம் ஆண்டு வந்த விதி. எம் வண்டிக்கு அப்பெருமை வாய்க்க இன்னும் காலம் இருக்கிறது. ஆயினும் எம்மையும் எம் தங்கையர் இருவரையும் படிக்க வைத்த வண்டி அது.

அக்காலத்தில் நம் சாலைகளில் ஓடிய வண்டிகளுள் இது புதுமையானது. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டில் வால்வுகளை இயக்கப் பற்சக்கரங்களும் தள்ளுதண்டுகளும் இருந்தன. மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளும் ராஜ்தூத்தும் இருவீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றுக்கு வால்வே இல்லை. 1985-இல் விற்பனைக்கு வந்த சி.டி. 100 நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அந்த எஞ்சினின் தலைப்பகுதியில் உள்ளது. அதனையும் எஞ்சினின் வயிற்றிலுள்ள கிராங்க் தண்டையும் ஒரு மெல்லிய சங்கிலி இணைக்கிறது. நம்மூர் மெக்கானிக்குகள் அதனை ‘டைமிங் செயின்’ என்பர். கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழலவேண்டும். நிமிடத்திற்கு 6000 சுற்று அது ஓடினால் 3000 சுற்று இது ஓடும். ஒரு பல் பிசகினாலும் வால்வு காலம் தவறித் திறக்கும்.

சங்கிலியோ ஓட ஓடக் கண்ணிகளின் ஊசிகள் தேய்ந்து நீளும் இயல்புடையது. நீண்டால் தொய்யும், தொய்ந்தால் அலைந்து ஓசை எழுப்பும். 1969-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஹோண்டா சி.பி. 750 போன்ற வண்டிகளில் அவ்வப்போது மரையைத் தளர்த்தித் தொய்வை வாங்கி, மீண்டும் இறுக்குவது உடையவரின் கடமையாக இருந்தது. எம் வண்டியில் அப்பணியை ஓர் அமைப்பு தானே செய்கிறது. உருளை பொருத்திய கரம் ஒன்று சங்கிலியை அணைத்து நிற்கும். அக்கரத்தை ஒரு கோல் தள்ளும். கோலைச் சுருள்வில் தள்ளும். அதிர்வை எண்ணெய் அடக்கும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எஞ்சினில் ‘கடகட’ என்றோர் ஓசை கேட்டது. முதலில் அதனைக் கேட்டவர் தந்தையாரே.

“ஏய்யா, வண்டி என்னமோ சொல்லுது. என்னன்னு பாரு” என்றார்.

“பழைய வண்டிப்பா, அப்படித்தான் இருக்கும்” என்று யாம் நகைத்தோம். அவர் மீண்டும் மீண்டும் சொல்லவே, யாம் பணிபுரியும் நகரில் ஒரு பட்டறையில் விட்டோம். அங்கே சுருள்வில்லின் பின்னால் இரண்டு வாஷர்களை வைத்து இறுக்கி, அரை மணி நேரத்தில் வண்டியைத் தந்துவிட்டனர். ஓசை மறைந்தது. யாமும் மறந்தோம்.

ஆறு திங்கள் கழிந்தன. ஒரு சித்திரை மாத நண்பகலில், சர்க்கரை நோய்க்கு மருத்துவரைப் பார்க்கத் தந்தையாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்டோம். வழியில் எஞ்சின் ஒருமுறை முறிந்தாற்போல் ஒலித்து நின்றது. எத்தனை முறை உதைத்தும் உயிர் வரவில்லை. நிழலில்லாத சாலை. எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். யாம் வண்டியைத் தள்ளிச் சென்றோம். வேம்பு ஒன்றின் அடியை அடைந்தபோது அவர் கால் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். ஆடு மேய்த்த ஒரு தாய் தண்ணீர் தந்தார். சரக்கு ஏற்றிச் சென்ற ஆட்டோ ஒன்று எங்களை மருத்துவமனை சேர்த்தது.

அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. இளைய தங்கையின் மகப்பேற்றுச் செலவும் வீட்டுக் கடனும் எம்மை நெருக்குவதைக் கண்ட தந்தையார், பல மாதங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்டு வந்திருக்கிறார். மருத்துவர் வினவியபோது, “இவனுக்கும் செலவு இருக்குல்ல” என்றார். யாம் தலைகுனிந்து நின்றோம்.

அடுத்த வாரம் வண்டியை ஊருக்குக் கொணர்ந்து, மல்லாங்கிணற்றுப் பட்டறை அண்ணாச்சியிடம் ஒப்படைத்தோம். அவர் இளமையில் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டியவர். எஞ்சினின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். சுருள்வில்லோடு அந்த இரு வாஷர்களும் அவர் உள்ளங்கையில் விழுந்தன.

“சத்தத்த அடக்குறது வேற சார், சங்கிலியச் சரி பண்றது வேற. தறியில பாவு தொய்ஞ்சா பாரத்தக் கூட்டலாம். நூலே இத்துப் போயிருந்தா பாரம் என்ன செய்யும்?” என்றார். பிறகு, “ஆயில் எப்ப மாத்துனீங்க?” என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை.

பல் தாண்டியிருந்தும், நல்வாய்ப்பாக வால்வு வளையவில்லை. மேக்னட்டைக் கழற்றிப் புதிய சங்கிலி, உருளை, கரம், கோலின் ரப்பர் முனை, சுருள்வில் அனைத்தையும் மாற்றினார். மேக்னட்டிலுள்ள ‘டி’ குறியும் கேம் பற்சக்கரத்திலுள்ள ‘ஓ’ குறியும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தார். சில துளி எண்ணெய் விட்டுப் போல்ட்டை மூடினார். எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுற்றி மீண்டும் குறிகளை நோக்கினார். அதன் பின்னரே உதைத்தார். சீரான ஓசை எழுந்தது.

“இனி இதுவே பாத்துக்கிடும்னு விட்டுறாதீங்க சார். ஸ்பிரிங்கு எட்டுற மட்டுந்தான் எட்டும்” என்றார் அண்ணாச்சி.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளிலும் கல்லூரிக் கட்டணத்தின்போதும் தங்கையர் திருமணத்தின்போதும் எம் குடும்பத்தில் தொய்வு தெரிந்ததே இல்லை. ஒருவர் ஓசையின்றி அதனைத் தம்மேல் வாங்கிக்கொண்டிருந்தார். தானே சரிசெய்துகொள்ளும் ஒன்றைக் கவனிக்கவே வேண்டாம் என்று எண்ணியது எம் பிழை. அத்தகையதற்கே கவனிப்பு மிகுதியும் வேண்டும்; அது எல்லையை எட்டும் வரை எதையும் வெளிக்காட்டாது.

இப்போது உரிய காலத்தில் எண்ணெயை மாற்றுகின்றோம். வாரந்தோறும் ஊருக்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்க்கின்றோம். “என்னய்யா, என்னையும் சர்வீசுக்கு விடுறியா?” என்று தந்தையார் சிரிக்கிறார்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்திலும் தொய்வைத் தாமே வாங்கிக்கொள்பவர் ஒருவர் இருப்பார். விடுமுறைக்குச் செல்லும்போது அவர் அருகில் சற்றே அமருங்கள். அவர் சொல்லாததையும் கேளுங்கள்.