களிமண்ணின் பெருமை

ஆசிரியப் பணியில் நாம் அமர்ந்த முதலாண்டில், ஒரு மாணவனது கட்டுரைப் புத்தகத்தின் ஓரத்தில், "தலையில் இருப்பது களிமண்ணோ?" எனச் சிவப்பு மையால் எழுதிவிட்டோம். வகுப்பில் ஓயாது வினா எழுப்பி வந்த அவன், அதன்பின் வாய் திறந்தானல்லன். காரணம் உணர்ந்து, புத்தகத்தை வாங்கி அவ்வரியைச் சுரண்டினோம். மை போகவில்லை, தாள்தான் கிழிந்தது. அன்று தொட்டு நாம் திருத்துவது பென்சிலாலேயே.

நிற்க. இக்கோலை இந்நிலைக்குக் கொணர்ந்தவர் யாவர் என ஆராயப் புகுந்தபோது, பிரெஞ்சு நாட்டினராகிய நிக்கோலா ஜாக் கான்ட்டே என்பாரைப் பற்றி அறிந்தோம். அவர் 1755இல் நார்மண்டியிற் பிறந்தவர், இளமையில் ஓவியர். அந்நாளில் சிறந்த பென்சில்களுக்கு வேண்டிய கிராபைட்டு, இங்கிலாந்திலுள்ள பாரோடேல் சுரங்கத்தினின்றே கிடைத்து வந்தது. 1793இல் இரு நாடுகளுக்கும் போர் மூளவே, பிரான்சுக்கு அச்சரக்கு வருவது தடைப்பட்டது. மாற்றுவழி காணும் பொறுப்பைக் கான்ட்டே ஏற்றார். எளிய கிராபைட்டைப் பொடியாக்கி, களிமண்ணும் நீரும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய குச்சிகளாக்கிச் சூளையிற் சுட்டு, மரக்கூட்டில் அமைத்தார். 1795இல் அம்முறைக்குத் தனியுரிமையும் பெற்றார்.

களிமண் மிகுந்தால் குச்சி வன்மை பெறும். குறைந்தால் மென்மையும் கருமையும் பெறும். இன்று மாணவர் கடையில் 'ஹெச்.பி.' என்றும் '2பி' என்றும் கேட்டு வாங்கும் வகைகள் யாவும் இவ்வளவு வேறுபாட்டால் அமைந்தனவே.

கான்ட்டே இதனோடு அமைந்தாரல்லர். ஆகாயக் கூண்டுகளுக்குரிய ஹைட்ரஜன் வாயுவை ஆராய்கையில் நேர்ந்த வெடிப்பில் ஒரு கண்ணை இழந்தார். ஆயினும் 1798இல் நெப்போலியனது படையுடன் எகிப்து சென்று, ஆங்கு இழந்துபோன கருவிகளுக்கு ஈடாகப் புதியன செய்தளித்தார். 1805இல் உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றைப் படித்தபோது எம் உள்ளத்தை உறுத்தியது ஒன்றே. உதிர்ந்து போகும் கரும்பொடியை ஒன்றாய்ப் பிணித்து, எழுதுதற்கேற்ற உறுதியைத் தருவது களிமண். அதனையன்றோ யாம் இகழ்ச்சிச் சொல்லாக்கி ஓர் இளைஞன்மேல் எறிந்தோம்! சூளையிலிட்டுப் பதமறிந்து சுடுவதே ஆசிரியன் கடன் என்பதை அன்று யாம் அறிந்திலேம்.

அம்மாணவன் இந்நாள் எங்குளனோ அறியோம். இவ்விதழ் அவன் கண்ணிற் படுமாயின், எம்மால் அழிக்கவொண்ணாத அவ்வரியை அவனே தன் உள்ளத்தினின்று அழித்தருள்வானாக. அவனுடைய வினாக்கள் இன்றி அவ்வகுப்பு வறிதாயிருந்தது என்பதையும் அவன் அறிக.