பதில் சொல்லும் உரிமை

எங்கள் ஊரான சந்திரகிரியில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்துவிட்டன என்ற செய்தி பரவிவிட்டால், கோட்டைப் பக்கத்திலிருந்தும் ரயிலடியிலிருந்தும் பந்துமித்திரர்கள், தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களுமாக, சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, திருப்பதி ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார், நாட்டு வைத்தியர் எந்த எண்ணெயைத் தேய்க்கச் சொன்னார் என்று மணிக்கணக்கில் சம்பாஷணை நடத்துவார்கள். அதில் கலந்துகொள்ளாதவர் கட்டிலில் கிடப்பவர் ஒருவரே. “சாப்பிட்டாரா?” என்று அவருடைய மனைவியைத்தான் கேட்பார்கள். என் பெரியப்பா இப்படித்தான், மூன்று பாஷைகளில் வழக்குப் பேசி ஊரையே அடக்கிய மனிதர், தம்மைப் பற்றிய விசாரணைகளுக்குத் தம் எதிரிலேயே பிறர் பதிலளிக்கக் கேட்டுக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழித்தார். அன்பில் யாரும் குறை வைக்கவில்லை. அவர் வாய் திறக்க அவகாசம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

நான் குடியேறிய இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான துன்பம். முகம் கோணுதல், கை தொய்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லிப் பொதுஜனங்களைப் பழக்கியிருக்கிறார்கள். நோயாளி வீடு திரும்பியபின் கதவைத் தட்டுவோர்தாம் இல்லை. குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்பது சட்டம். காரில்லாமல் கடைக்குக்கூடப் போக இயலாத புறநகரில், அந்தச் சட்டம் நியாயமானதே ஆயினும், மனிதனைச் சிறைவைத்ததற்குச் சமானம்.

இப்படிப்பட்டவர்களுக்காக, மாதாகோயிலை ஒட்டிய மண்டபமொன்றில், சில நண்பர்களின் ஒத்தாசையோடு வாரந்தோறும் ஒரு சங்கம் நடத்திவருகிறேன். இது எங்கள் சுயபுத்தியில் உதித்த யோசனை அன்று. 1965ஆம் ஆண்டு பிப்ரவரியில், கர்ப்பிணியாக இருந்த ஹாலிவுட் நடிகை பட்ரீஷியா நீலுக்கு அடுத்தடுத்து மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, அவர் மூன்று வாரம் பிரக்ஞையின்றிக் கிடந்து, பேச்சும் வலப்பக்கமும் இழந்து எழுந்தபோது, அவருடைய கணவரான எழுத்தாளர் ரோல்ட் டால், பக்கிங்ஹாம்ஷயரில் தாங்கள் வசித்த கிரேட் மிஸெண்டன் கிராமத்தின் அண்டை அயலாரையே முறைவைத்து வரவழைத்து, நாள்தோறும் பல மணி நேரம் மனைவியோடு பேசவும் படிக்கவும் விளையாடவும் ஏற்பாடு செய்தார். அந்த முறை ஈவிரக்கமற்றது என்று கண்டித்தவர்களும் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதமே. ஆயினும் 1968இல் வெளிவந்த ஒரு படத்தில் நீல் மறுபடி நடித்து, ஆஸ்கார் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். வந்துபோன அயலாரில் ஒருவரான வலேரி ஈட்டன் கிரிஃபித் வைத்தியக் கல்வி எதுவும் பெறாதவர். அந்த அனுபவத்தையே மூலதனமாக்கி, பேச்சிழந்தவர்களின் வீடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் திட்டத்தை 1970களில் அவர் தொடங்கினார். எங்களுடையது போன்ற சங்கங்கள் எல்லாம் ஒருவகையில் அந்தக் கிராமத்துக்குக் கடன்பட்டவை.

எங்கள் சங்கத்தில் வைத்தியம் கிடையாது; தேநீரும் பாட்டும் உண்டு. ரொட்டித் துண்டு நழுவாதபடி ஆணிகள் பதித்த பலகையொன்று உண்டு. அதில் ஒற்றைக் கையாலேயே வெண்ணெய் தடவலாம். முதன்முதல் அப்படித் தடவி முடித்தவர் அதைத் தின்னாமல் மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டுவார். திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்து மகளோடு வசிக்கும் முதியவர் ஒருவருக்கு, நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்த ஆங்கிலம் அடியோடு மறைந்து, தமிழில் ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் தங்கின. வேறு சிலருக்குத் தாய்மொழி போய்ப் பிற்காலத்தில் கற்ற பாஷை நிற்பதும் உண்டு. மூளையின் நியாயம் நம் நியாயமன்று. தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாத அவர், ஒருநாள் யாரோ முதலடி எடுத்துக்கொடுக்க, சுப்ரபாதத்தைத் தங்கு தடையின்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். மனப்பாடமும் இசையும் மூளையில் வேறு வழியாக வருவதால் இது நேர்வதுண்டு என்பார்கள். மகள் கண் கலங்கினாள். ஆனால், முடிந்தவுடன் “டீயா, காபியா?” என்று அவரிடம் கேட்டதற்கு, “அப்பாவுக்குக் காபிதாங்க” என்று அவளே முந்திக்கொண்டாள்.

எங்களிடம் உள்ள ஒரே கண்டிப்பான விதி அதைப் பற்றியதே: யாரிடம் கேட்கப்பட்டதோ அவரே பதில் சொல்லவேண்டும், வாயால் இயலாவிட்டால் விரலால், படத்தால், காகிதத்தில் கிறுக்கியாவது. அதற்கு எவ்வளவு நேரமானாலும் மற்றவர்கள் வாய்மூடிக் காத்திருக்கவேண்டும். துணைக்கு வருகிறவர்களுக்கு இது பெருஞ்சிரமம் என்பதால் அவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே அவர்கள் தங்கள் துயரங்களைக் கொட்டிக்கொள்ளும் அரவம் சில வேளைகளில் எங்கள் பாட்டையும் மிஞ்சிவிடும்.

ஊரில் இருக்கும் என் தம்பி, திருமலை தேவஸ்தானத்தின் பர்ட் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி முடித்துத் திரும்பியவர்கள் சிலரைச் சேர்த்து, முகூர்த்தமில்லாத நாட்களில் கல்யாண மண்டபத்தில் இதைப் போன்று நடத்தலாமா என்று கேட்கிறான். மண்டபத்துக்கு ஏழு படி. சாய்தளம் போட மேஸ்திரியிடம் பேசியாயிற்று. “கூட வர்றவங்களை வாயை மூடிக்கிட்டிருக்கச் சொல்ல நம்ம ஊர்ல முடியுமா, அண்ணா?” என்பதுதான் அவன் கவலை. அவர்களைக் கோட்டை ராஜமஹால் பார்க்க அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறேன்.