ஐம்பதாவது தாள்

எண்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. நாற்பத்தொன்பது என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது என்றவுடன் விழா எடுக்கத் தோன்றுகிறது. நூறு ரூபாய்ப் பொருளின்மேல் தொண்ணூற்றொன்பது என்று எழுதி வைக்கும் வணிகர்கள் இம்மயக்கத்தை நன்கு அறிந்தவர்கள்!

நம் சங்க அறைப் பலகையில் 'அங்காடி' என்ற தலைப்பில் நாங்கள் இருவர் வாரந்தோறும் எழுதி ஒட்டும் தாளுக்கு இது ஐம்பதாவது வாரம். வணிகவியல் மாணவர்கள் என்பதன்றி எங்களுக்கு வேறு தகுதி கிடையாது. இதற்குமுன் நாங்கள் எழுதியவை தேர்வு விடைகளும் வீட்டுக்குக் கடிதங்களுமே. பொருளை விற்கும் கலையைப் பற்றி எழுத வந்தோம். முதலில் எங்கள் எழுத்துக்கே வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தது.

கொள்கை பேசும் தாளை நண்பர்கள் கண்ணால் தொட்டுவிட்டுப் போவார்கள். மனிதரைப் பற்றிப் பேசும் தாளின்முன் நிற்பார்கள். 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டு 'லிஜ்ஜத்' நிறுவனத்தைத் தொடங்கிய வரலாற்றை எழுதியபோது கூட்டம் சேர்ந்தது. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து, கூலித் தொழிலாளியும் வாங்கும்படி செய்த கடலூர்ச் சின்னி கிருஷ்ணனைப் பற்றி எழுதியபோதும் அப்படியே. வாங்குபவரின் சுருக்குப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் அவர்.

ஒருநாள் தாளின் ஓரத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது. எழுதியவர் முதலாண்டு மாணவர். "அண்ணா, என் அப்பா சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எதிரே பெரிய கடை வந்துவிட்டது. உங்கள் தாளில் அவருக்கு ஏதாவது உண்டா?"

அதுவரை எங்களுக்குக் கிடைத்த பாராட்டுகள் அனைத்தையும்விட அந்தச் சீட்டு கனமானது. தம்பியை அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டோம். அப்பாவிடம் ஒரு கடன் நோட்டு இருக்கிறதாம். எந்த வீட்டில் எப்போது சம்பளம் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். துக்கம் நிகழ்ந்த வீட்டுக்குக் கேட்காமலே அரிசி அனுப்புவாராம்.

'அன்பு வெல்லும்' என்று எழுதிவிடலாமா? கை ஓடவில்லை. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இனாமாகவே ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்பார்கள். மக்களின் பற்று சிதம்பரனார் பக்கம் இருந்தது. ஆயினும் 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. நட்டத்தை நீண்டநாள் தாங்கக்கூடியவனோடு விலையில் மோதுவது ஆபத்து.

ஆகவே இரண்டையும் எழுதினோம். நம்பிக்கை ஒரு முதலீடு. ஆனால் அது மட்டும் போதாது. விலைப்போரில் இறங்காமல், பெரிய கடை நுழைய முடியாத இடங்களில், அதாவது கடன் நோட்டிலும், வீட்டு வாசலிலும், பெயர் சொல்லி அழைப்பதிலும் வேரூன்றுவதே சிறு கடைக்கு வழி என்றோம். தம்பி அதைப் படியெடுத்து ஊருக்கு அனுப்பினார். கடன் நோட்டைப் பற்றிய பத்தியை அப்பா அம்மாவுக்கு இருமுறை வாசித்துக் காட்டினாராம்.

அந்தக் கடை நிலைக்குமா என்று எங்களால் உறுதி கூற இயலாது. ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. பலகையின்முன் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணும் வழக்கமும் அன்றோடு நின்றது. கடைக்காரர் எண்ண வேண்டியது வந்தவர்களை அல்ல, திரும்பி வருபவர்களை. எழுதுகிறவர்க்கும் அதுவே கணக்கு.

நண்பர்களே, ஐம்பத்தோராவது தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் சீட்டுச் செருக இடமும் இருக்கிறது.