ஐம்பது ரூபாய்ச் சீட்டும் நெடுந்தீவுக் கடலும்

கடலுக்குப் போய் ஒருநாள் குளித்துவிட்டு வருவோம் என்ற கதை எங்கள் மாதர் சங்கத்தில் முதலில் பகிடியாகத்தான் வந்தது. 2022 தொடக்கத்தில் என்று நினைக்கிறேன். கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்கார மாமி சொன்னா, “வெளிநாட்டுக்காரர் காசைக் கொட்டி எங்கட கடலைப் பாக்க வருகினம். நாங்கள் இஞ்ச இருந்துகொண்டு கிணத்தடியையே பாத்துக்கொண்டிருக்கிறம்.” எல்லோரும் சிரித்தோம். பிறகு எரிபொருளுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தது, பாணின் விலை ஏறியது, அந்தக் கதையும் அத்தோடு போய்விட்டது.

அடுத்த வருடம் திரும்பவும் அதை எடுத்தவ தையல் அக்கா. அவவிடம் ஒரு கணக்கும் இருந்தது. கிழமைக்கு 50 ரூபாய். நாற்பது கிழமையில் ஆளுக்கு 2,000 ரூபாய். பதினொரு பேர் சேர்ந்தால் 22,000. ஏலம் கூறாத, கழிவு இல்லாத சீட்டு. கடல் சீட்டு என்றே பெயரும் வைத்தோம்.

காசு சேர்ப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. ஊர் வாய்க்குப் பதில் சொல்வதுதான் பாடாக இருந்தது. எங்கள் பதினொரு பேரில் ஏழு பேருக்கு நுண்கடன் இருந்தது. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வரும். “லோன் கட்டக் காசில்லை, கடல் பாக்கக் காசிருக்கோ?” என்று ஒரு பெரியவர் றோட்டில் வைத்தே கேட்டார். தையல் அக்கா நின்று பதில் சொன்னா: “ஐயா, அந்த அம்பது ரூபாயை லோனுக்குக் கட்டினாலும் அவங்கள் வட்டியிலதான் கழிப்பாங்கள்.” அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு தங்கச்சியின் நிலைமை இதைவிட அந்தரம். அவளுடைய கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். அவள் பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை. சுற்றுலா போனாள் என்றால் “மனுசனை மறந்திட்டாள்” என்பார்கள். “நான் காசை மட்டும் தாறன் அக்கா, வரேல்லை” என்று மூன்று தரம் சொன்னாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அவளுடைய மாமியார்தான் கடைசியில் சொன்னா, “போயிட்டு வா பிள்ளை. நான் வீட்டில இருக்கிறன். அவன் வந்தால் இருக்கச் சொல்லுறன்.” அந்த வார்த்தையை எந்த மனதோடு சொன்னாவோ தெரியாது. தங்கச்சி வந்தாள்.

எங்கே போவது என்று நிறைய யோசித்தோம். படகு ஏறப் பயமென்றால் காரைநகர் கசூரினாவுக்குப் போகலாம். பொன்னாலைத் தாம்போதியால் பஸ்சிலேயே போய்விடலாம், கடலும் ஆழமில்லை, சவுக்கு மர நிழலும் இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நல்லது. எங்களுக்கோ தீவென்றால் படகில் போக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நெடுந்தீவு என்று முடிவானது. காலமும் பார்த்தே குறித்தோம். மாரியில் வாடை அடிக்கும், வைகாசிக்குப் பிறகு சோழகம் எழும்பும். பங்குனியில்தான் அந்தக் கடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். 2024 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம்.

கிளிநொச்சியிலிருந்து உள்ளே ஏழு கட்டையில் எங்கள் ஊர். விடியப் புறப்பட்டால் காலைப் படகு பிடிபடாது. வான் பிடித்தால் சீட்டுக்காசு முழுவதும் வானுக்கே போய்விடும். எங்களில் ஒருவரின் சித்தி புங்குடுதீவில் இருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்சில் யாழ்ப்பாணம், அங்கிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணை தாண்டி, பொழுதுபடப் புங்குடுதீவு. சித்தி வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் பதினொரு பேரும் படுத்தோம். சீனி, தேயிலை, பிஸ்கற் என்று ஒரு பை கொடுத்தோம். விடுதிக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்பதோடு, அந்த இரவுக் கதையும் சிரிப்பும் எந்த விடுதியிலும் கிடைத்திராது. ஒரு மணிக்குப் பிறகு சித்திதான் வந்து ஏசி விளக்கை நூர்த்தா.

விடிய நாலு மணிக்கு எழும்பிப் புளிச்சோறு கிண்டினோம். முட்டை அவித்தோம். தேங்காய்ச் சம்பலைத் தாளித்து எடுத்தோம், வெய்யிலுக்குப் பழுதாகாது. கருவாடு பொரித்தது சித்தி. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை, பல கிணறுகள் சவர். அங்குள்ள சனம் தண்ணீருக்குப் படும் பாட்டில் நாங்களும் போய் வாளி நீட்டக் கூடாது என்பதால் 5 லீற்றர் கான்களில் எங்கள் தண்ணீரைக் கொண்டுபோனோம். பாரம்தான். ஆனாலும் போகிற சகோதரிகள் அதை விட்டுவிடாதீர்கள்.

குறிகட்டுவான் துறையில் படகுக்கு நின்றபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடமாக நான் கடலில் கால் வைத்ததில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் பங்கர் வெட்டி இருந்தோம். கடல் கூப்பிடு தூரத்தில்தான். என்னுடைய மகனுக்கு அப்போது இரண்டு வயது. கஞ்சிக்கு உப்பில்லாமல் கடல்நீரை அள்ளி வந்து கலந்தது அவனுடைய அப்பா. அவரை அந்த மணலிலேயே விட்டுவிட்டுத்தான் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு அலைச் சத்தம் கேட்கிற இடத்துக்கு நான் போகவில்லை. மீன் வாங்கக்கூடச் சந்தைக்குத்தான் போவேன், கரைக்குப் போக மாட்டேன். இதையெல்லாம் சங்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்தவர்கள்தான் எல்லோரும்.

படகில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், கோழிக்கூடு எல்லாம் எங்களோடு ஏறின. நயினாதீவு ஒரு பக்கம் விலகிப் போனது. பிறகு திறந்த கடல். படகு ஏறி விழுந்தபோது கடைக்கார மாமி அம்மாளாச்சியைக் கூப்பிட்டா. எனக்குப் பக்கத்தில் நெடுந்தீவு அம்மா ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்புகிறார். அசையாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பாதையில் ஒரு பெருந்துயரம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1985 மே 15 ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். மாவிலித்துறையில் இறங்கியதும் அதற்கான நினைவுத்தூபியைக் கண்டோம். சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். காணாமல் போனவரின் மனைவியான அந்தத் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள், “இந்தக் கடலில போய் நாங்கள் குளிக்கலாமோ?” எனக்குள் இருந்த கேள்வியும் அதுதான்.

வெற்றிலை அம்மா எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். “ஏன் பிள்ளை, நாங்கள் என்ன செய்யிறது? ஆசுப்பத்திரிக்கும் இதாலதான், கலியாணத்துக்கும் இதாலதான். பிள்ளைப்பெறுவுக்கு என்ர மகளையும் இதாலதான் கொண்டுபோனது. போய்க் குளியுங்கோ” என்றார். சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தீவுக்குள் சுற்ற ஒரு லான்ட்மாஸ்டர் பிடித்தோம். முதலில் கூறிய விலை அதிகம். பதினொரு பெண்கள் சூழ்ந்து நின்று பேரம் பேசியதில் தம்பி 5,500 க்கு இறங்கினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: துறையை விட்டு அசைய முதல், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேளுங்கள். கடலையும் ஆட்களையும் பொறுத்து அது மாறும். அதை விட்டால் அன்றிரவு தீவில்தான்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத தரை, பனை, வெளி. வேலிகள் எல்லாம் பவளக்கல். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகின்றன. வேலிக்குக் கிடுகும் கதியாலும் தேடிக் களைத்த எங்களுக்கு அது பெரிய அதிசயம். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இடிந்து கிடக்கிறது. அதுவும் பவளக்கல்தான். பெருக்க மரம் பார்த்தோம், அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்பார்கள். அடிமரம் கோறை. நாங்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே போய் நின்று படம் எடுத்தோம். வெளியில் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. அன்னியர் ஆட்சிக் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழியில் வந்தவை, இப்போது கட்டாக்காலிகள். குட்டியோடு நின்ற ஒன்றைப் பார்த்து மாமி, “இதுக்கும் புருசன் இல்லைப்போல, தானே மேய்க்குது” என்றா. மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்களுக்குள் மட்டும் சொல்லக்கூடிய பகிடி அது.

மணல் உள்ள ஒரு கரையில் தம்பி எங்களை இறக்கிவிட்டு, தூரத்துப் பனையடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நல்ல பிள்ளை. கரையில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. கரையோரம் பச்சை, தள்ளி நீலம்.

எல்லோரும் பழைய சட்டை, பாவாடையோடு இறங்கினார்கள். காலில் செருப்புப் போட்டே இறங்க வேண்டும், அடியில் கிடக்கும் முருகைக்கல் வெட்டும். தையல் அக்காவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. பொய்க்காலுக்குள் உப்பும் மணலும் போனால் அது பழுதாகும், தோலையும் உரசிப் புண்ணாக்கும். அவ பாயில் இருந்து அதைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தா. இரண்டு பேர் கைகொடுக்க எழும்பினோம். “வேண்டாம், விடுங்கோடி” என்று சொல்லிவிட்டு, இருந்தபடியே அரக்கி அரக்கி மணலில் இறங்கிப் போனா. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் மல்லாந்து மிதந்தா. அவ பருத்தித்துறைக் கரையில் பிறந்தவ, நீந்தத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். “தண்ணிக்குள்ள ரெண்டு காலும் ஒண்டுதான்” என்று அங்கிருந்து கத்தினா.

நான் வெகுநேரம் கரையிலேயே இருந்தேன். சாமான்களுக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டேன். காகமும் இல்லாத கரையில் என்ன காவல்? பிறகு அந்தத் தங்கச்சி வந்து பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு அலை வந்து காலை நனைத்தது. இளஞ்சூடாக இருந்தது. எனக்கு அவருடைய கையில் இருந்த அந்தக் கடல்நீர்ச் சட்டி நினைவு வந்தது. அழுதேன். அழுகையோடே எழும்பி நடந்தேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது முகத்தில் எது கண்ணீர், எது கடல் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அது ஒரு வசதி. பிறகு மாமி என் தலைக்கு மேல் தண்ணீரை அள்ளி இறைத்தா, நானும் இறைத்தேன். எப்போது சிரிக்கத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

உடை மாற்ற அறை இல்லை. நாலு பேர் சேலை பிடித்தால் அதுவே அறை. முகம் கழுவ ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். அந்தப் பசிக்குப் புளிச்சோறும் கருவாடும் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தம்பிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம்.

திரும்பும்போது படகில் பாதிப்பேர் நித்திரை. தங்கச்சி என் தோளில் சாய்ந்து கிடந்தாள். தலைமயிரில் உப்பு மணந்தது. வீடு போய்ச் சேர இரவு ஒன்பது தாண்டிவிட்டது. என் மகன் கதவைத் திறந்து, “அம்மா, கறுத்துப் போனீங்கள்” என்றான். “கடல் எப்பிடி?” என்று கேட்டான். முதல்தரம் அப்படிக் கேட்கிறான். அன்றிரவு அவனுடைய அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பஸ்சுக்கு எல்லோருக்கும் போகவர 8,600. லான்ட்மாஸ்டர் 5,500. சாப்பாட்டுச் சாமான் 4,300. சித்திக்கு 1,200. படகு, இடையில் குடித்த தேத்தண்ணீர் எல்லாம் போக ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. அதை அடுத்த சீட்டுக்கு முதலாகப் போட்டோம்.

அந்தச் சீட்டில் பதினாலு பேர் சேர்ந்தார்கள். றோட்டில் வைத்துக் கேள்வி கேட்ட பெரியவரின் மகளும் அதில் ஒருவர். நிலாவெளிக்குப் போக வேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறா. அதற்கு இரவு தங்க இடம் வேண்டும். திருகோணமலையில் யாருக்காவது சித்தியோ பெரியம்மாவோ இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.