நிற்கிற வண்டிக்கும் டியூ உண்டு

மணலி புதுநகரில் ஒருவர் டிரெய்லர் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் டீக்கடையில் வரும் முதல் கேள்வி, "எத்தனை வீல்?" என்பதுதான். 14, 18, 22 என்று மூன்றே பதில்கள். கம்பெனி, மாடல், விலை எல்லாம் அதற்குப் பிறகு. முன்னால் இழுக்கிற வண்டிக்கு 6 சக்கரம், பின்னால் இரண்டு அச்சு டிரெய்லருக்கு 8 என்றால் 14. டிரெய்லருக்கு மூன்று அச்சு என்றால் 18. இழுக்கிற வண்டியே பத்துச் சக்கர வண்டியாக இருந்தால் 22.

வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும், தெற்கே சென்னைத் துறைமுகமும் இருக்க, நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது 1983-ல். எண்ணூரில் நிலக்கரிக்காகக் கட்டிய துறைமுகம் 2001-ல் தொடங்கி, 2014-ல் காமராஜர் பெயரைப் பெற்றது. காட்டுப்பள்ளி 2013-ல் வந்தது. ஒவ்வொரு துறைமுகமும் வந்தபோது எங்கள் தெருக்களில் டிரெய்லர் ஓட்டுபவர்கள் கூடினார்கள். அவர்களில் பலருக்கு இருக்கும் ஒரே கனவு, யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டுவதை விட்டுத் தன் பெயரில் ஆர்.சி. புக் வைத்திருப்பது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் அந்தக் கனவோடு வருகிறவர்கள் என்னிடம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சமீபத்தில் வந்தவர் எங்கள் தெருத் தம்பி. கிளீனராக ஏறி, டிரைவராகி, நல்ல பெயர் எடுத்தவர்.

"அண்ணே, 22 வீல் போட்டா வாடகை ஜாஸ்தி கிடைக்கும்ல? செகண்ட்ஸ்ல ஒண்ணு இருக்கு. எடுத்துடலாமா?"

கிடைக்கும். ஆனால் எந்த லோடுக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் வண்டியின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. டாடா 4018 என்றால் மொத்த எடை 40 டன், என்ஜின் 180 எச்.பி. அசோக் லேலண்ட் 5525 என்றால் 55 டன், 250 எச்.பி. இந்த டன் கணக்கைத் தீர்மானிப்பது கம்பெனி கிடையாது, அரசாங்கம். ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. முன் அச்சுக்கு 6, பின் அச்சுக்கு 10.2, டிரெய்லரின் மூன்று அச்சுக்கும் சேர்த்து 24, ஆகமொத்தம் 40.2. பழைய 18 வீல் வண்டி 40 டன் வண்டி ஆனது இப்படித்தான். 2018 ஜூலையில் இந்த வரம்பைக் கூட்டினார்கள். 7, 11.5, 27 என்று ஆகி அதே 18 வீல் இப்போது 45.5 டன். 22 வீல் 49-லிருந்து 55 ஆனது. ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர் ஊர்ப் பேச்சை நம்பக் கூடாது. அவர் ஆர்.சி. புக்கில் என்ன எடை எழுதியிருக்கிறதோ அதுதான் அவருடைய எடை.

இப்போது பெட்டிக்கு வருவோம். ஒரு கண்டெய்னர் சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் 30.48 டன் வரலாம். 18 வீல் செட்டின் சொந்த எடை, முன்வண்டியும் டிரெய்லரும் சேர்த்து, சுமார் 13 டன். கூட்டினால் நாற்பத்து மூன்றரை. 2018-க்குப் பிறகு பதிவான 18 வீல் வண்டி, துறைமுகத்தில் வரும் எந்த ஒற்றைப் பெட்டியையும் சட்டப்படி இழுக்கும். 22 வீல் செட்டின் சொந்த எடையே பதினாறு டன் போல வரும். அதன் மேல் மிகக் கனமான ஒற்றைப் பெட்டியை வைத்தாலும் நாற்பத்தாறரை டன்தான். 55-ஐ எட்ட வேண்டுமென்றால் இரண்டு இருபதடிப் பெட்டிகளைக் கனமாக ஏற்ற வேண்டும். அந்த லோடு நிரந்தரமாகக் கையில் இருப்பவருக்கு 22 வீல் சரி. இல்லாதவர் நான்கு டயரையும் ஓர் அச்சையும் சும்மா சுமந்துகொண்டு ஓடுவார். அந்த நான்கு டயரும் தேயும்.

தம்பிக்கு இது முதலில் ஏறவில்லை. பெரிய வண்டி என்றால் பெரிய வருமானம் என்பது யார்டில் எல்லோரும் சொல்வது. அவர் கையில் இருந்த வேலையை நான் கேட்டேன். நாற்பதடிப் பெட்டிகள், பெரும்பாலும் துணி, கார் உதிரி பாகம், அப்புறம் எம்ட்டி பெட்டியை யார்டுக்குக் கொண்டுபோய் விடுவது. கிரானைட்டும் இரும்பும் அவர் பக்கம் வருவதே இல்லை. 2016 ஜூலை முதல் ஏற்றுமதிப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் எடைச் சான்று கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதனால் பெட்டியின் கனத்தை யூகிக்க வேண்டியதில்லை. அவரே வைத்திருந்த பழைய சீட்டுகளைப் புரட்டினோம். 27 டன்னைத் தாண்டிய பெட்டி அபூர்வம். அதிக லோடுக்கு 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. ஒரு முறை மாட்டினால் பல டிரிப்பின் மிச்சம் போய்விடும்.

எச்.பி. பற்றியும் வீண் கவலை அதிகம். அமெரிக்காவில் ஒரு குடும்பம் விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போகும் பெரிய வீட்டு டிரெய்லர் நாலு டன் போல இருக்கும். அதற்கு 300, 400 எச்.பி. பிக்கப் தேடுகிறார்கள். அங்குள்ள சரக்கு லாரிகளும் 80,000 பவுண்டுக்கு, அதாவது 36 டன்னுக்கு, 400 எச்.பி.க்கு மேல் வைத்திருக்கின்றன. நம் 4018-க்கு டன்னுக்கு நாலரை எச்.பி., 5525-க்கும் ஏறக்குறைய அதே நாலரை. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. நாம் சின்னக் கியரில் மெதுவாகப் போகிறோம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடல்மட்டத்துத் தரை. மேடு என்றால் மேம்பாலம்தான். கிருஷ்ணகிரி ஏறி பெங்களூர் போகிறவருக்குக் கூடுதல் எச்.பி. வேண்டும். மணலி நெடுஞ்சாலைக்கும் பொன்னேரி சாலைக்கும் 180 போதும்.

என் கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்த வரை இந்தப் பக்கத்தில் வண்டி நொடித்துப் போவது இழுக்க முடியாமல் இல்லை, நின்று நின்றுதான். இங்கே டிரெய்லரின் வாழ்க்கையில் பெரும்பகுதி வரிசை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே நிற்கும் வரிசை காசிமேட்டைத் தாண்டி வடக்கே நீண்ட நாட்களை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது முன்பு போல இல்லை என்றாலும், கப்பல் வரும் நாளில், மழை நாளில், ஸ்கேனிங்குக்கு மாட்டும் நாளில் நிற்கத்தான் வேண்டும். நிற்கும்போது ஓட்டம் இல்லை, ஆனால் டியூ ஓடுகிறது, டீசல் எரிகிறது. பத்தடி நகர்ந்து நிறுத்தி, மறுபடி பத்தடி நகரும்போது கிளட்ச் தேய்கிறது. பிரேக் லைனிங் தேய்கிறது. இவற்றைவிட அதிகமாகத் தேய்பவர் டிரைவர்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். மணலிக் காற்றைச் சுவாசிக்கிறவன், அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அவற்றில் இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச தூரம் சீராக ஓட வேண்டும். வரிசையிலேயே ஐடிலிங்கில் கிடக்கிற வண்டிக்கு அது வாய்க்காது. கரி சேர்ந்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, கம்பெனி சர்வீஸ் வரை போக வேண்டியிருக்கும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாவும் தனிச் செலவு. நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு இந்த வண்டிகள் பொருத்தம். துறைமுகத்துக்கும் சி.எஃப்.எஸ். என்கிற கண்டெய்னர் கிடங்குக்கும் நடுவிலேயே சுற்றுகிறவர் புதிதாக வாங்கும் முன் இதை ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. தம்பியின் கைக்காசுக்குப் புது வண்டி எட்டாது. 2025 செப்டம்பரில் டிராக்டர் ஹெட்டுக்கும் லாரிக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். அப்படியும் எட்டாது.

சாத்தங்காடு பக்கம் ஒரு யார்டில் 2017 ஜனவரி வண்டி ஒன்று, 18 வீல், 40 டன், பி.எஸ்.-3. பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்கள். பெயிண்ட் புதிது. கூட வந்த மேஸ்திரி பெயிண்டைப் பார்க்கவே இல்லை. என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தார். பேக் கம்ப்ரஷன் இருந்தால் புகை கையைத் தள்ளிக்கொண்டு வரும். வரவில்லை. அப்புறம் கீழே படுத்தார். சேஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா, குறுக்குச் சட்டத்தில் துரு செதில் செதிலாக வருகிறதா என்று ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கடற்காற்றில் நின்ற வண்டிக்கு முதலில் போவது பிரேக் பைப்தான் என்றார். ஹவுசிங் போல்ட்டைத் தளர்த்தி ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். 2015, 2021, 2023 வெள்ளங்களில் எங்கள் ஊரில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். 2021-ல் கொசஸ்தலை நீர் புதுநகருக்குள் வந்தபோது நானும் மாடியில் இருந்தேன். தண்ணீர் ஏறிய வண்டியின் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். இதில் கறுப்பாகத்தான் இருந்தது.

டிரெய்லரைக் கழற்றி, அதை முன்வண்டியோடு பூட்டும் கிங்பின்னை அளந்தார். புதிதில் அது 50.8 மில்லிமீட்டர். 49-க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நாற்பது டன்னும் தொங்குவது அந்த ஒற்றை இரும்பில். அளவு சரியாக இருந்தது. மறுபடி பூட்டி, ஏர் நிரம்பியதும், முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் சிவப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, "இழு தம்பி" என்றார். ஏர் போனால் டிரெய்லர் சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். தம்பி ஃபர்ஸ்ட் கியர் போட்டு இழுத்தார். ஐந்து ஜோடிச் சக்கரம் பூட்டியது. கடைசி அச்சின் இடது பக்கம் மட்டும் உருண்டது. மேஸ்திரி எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, "இதுக்கு லைனிங்கும் டயாஃப்ரமும் போடணும், அதை விலையில கழிச்சுக்கோங்க" என்றார். யார்டுக்காரர் மறுக்கவில்லை. எர்ணாவூர் சாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சைக்கிளும் ஷேர் ஆட்டோவும் டிரெய்லருக்கு நடுவே போவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு சக்கரம் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை குறைந்த வண்டி வாங்கலாம். பிரேக் குறைந்த வண்டியை யாரும் இந்த ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

பழைய வண்டிக்கு எல்லாச் செலவும் குறையாது என்பதையும் உட்கார்ந்து பேசினோம். 40 டன்னுக்கு மேல் எடை எழுதியிருக்கும் சரக்கு வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 44,242 ரூபாய். வண்டி புதிதானாலும் பழையதானாலும் அதேதான். எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்த எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். எஃப்.சி.க்கு நிற்கும் நாட்களில் வண்டி ஓடாது. ஸ்ரீசிட்டி, நெல்லூர் என்று ஆந்திரா பக்கம் போக நேஷனல் பர்மிட் வேண்டும். அதற்கு வருடம் 16,500. பல அச்சு வண்டிக்கு 15 வயது வரைதான் அந்தப் பர்மிட் தருவார்கள். 2017 வண்டிக்கு 2032 வரை. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. மாதத் தவணை குறையட்டும் என்று ஆண்டுகளை நீட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பர்மிட் முடிந்த வண்டிக்கு டியூ கட்டுவதைப் போல ஒரு சுமை கிடையாது. தம்பியை நாலு வருடத்தோடு நிறுத்தச் சொன்னேன். 2030-ல் முடியும். மீதி இரண்டு வருடம் அவருக்கு.

மாதக் கணக்கை எழுதும்போது அவர் 25 நாள் ஓட்டம் என்று போட்டார். நான் அதை 18 ஆக்கினேன். மூன்று, நான்கு நாள் வரிசையிலும் யார்டிலும் போகும், ஒரு நாள் ரிப்பேர், சில நாள் லோடே வராது. 18 நாள் ஓட்டத்தில் டியூ கட்டி, டயருக்கு எடுத்து வைத்து, வீட்டுக்கும் கொடுக்க முடிந்தால்தான் அந்த விலை அவருக்குக் கட்டுப்படியான விலை. 22 வீல் வண்டி இந்தக் கணக்கில் தேறவில்லை. சாத்தங்காட்டு வண்டி தேறியது. 40 டன்னில் வண்டியின் சொந்த எடை 13 போக மீதி 27 என்பதால், அதற்கு மேல் பெட்டி எடுப்பதில்லை என்று புக்கிங் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் சில லோடு கை நழுவும், போகட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் செலவைக் கூட்டச் சொன்னேன். கேபின். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக வண்டிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் டிரைவர் என்ஜின் சூட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். சித்திரை வெயிலில், தார் ரோட்டில், முன்னும் பின்னும் டிரெய்லர் நிற்க, நடுவில் இரும்புக் கூண்டுக்குள் மணிக்கணக்கில். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். சொந்த வண்டி வாங்கியவர் கடனை நினைத்து இரண்டு ஆள் வேலையையும் தானே பார்ப்பார். அவர் உடம்பு படுத்தால் வண்டியும் படுக்கும்.

விலையில் கழித்த பணத்தில் லைனிங் மாற்றி, கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டாகிவிட்டது. கேபின் கூரைக்கும் என்ஜின் மூடிக்கும் சூடு தடுக்கும் ஷீட் அடித்து, சீட்டை மாற்றி, பின்னால் படுக்கைப் பலகையை ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலப்படுத்தியிருக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் ஏ.சி.யைப் பழைய வண்டிக்கும் பொருத்தித் தருகிறார்களாம். அதன் விலையை விசாரித்து வந்து, 18 நாள் கணக்கில் அது எங்கே நுழையும் என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.